முதல் ஏர் பிஸ்டல்: டாப் மாடலா, விலை குறைந்ததா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளப் பிஸ்டலில் சில மாதம் சுட்டுப் பழகிய பிள்ளையிடம் "இனி சொந்தமாக ஒன்று வாங்கிவிடு" என்று கோச் சொன்னதும் வீட்டில் பேச்சு ஆரம்பமாகிவிடும். ஒரு பக்கம் ஸ்டையர் எவோ 10, மோரினி சிஎம் 162, வால்தர் எல்பி500, பர்டினி கே12 என்று ஒலிம்பிக் வீரர்கள் கையில் பார்த்த பெயர்கள். இன்னொரு பக்கம், ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கும் ஹேமர்லி ஏபி20 போன்றவை, அல்லது ஸ்டையர் நிறுவனமே எளிமையாகச் செய்த எல்பி2. எதை எடுப்பது?

இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கடன் வாங்கியாவது உச்ச மாடலை எடுத்துவிடுகிறவர்கள் ஒரு வகை. "எல்லாம் காற்றுத் துப்பாக்கிதானே" என்று போட்டிக்கே உதவாத ஒன்றை வாங்கி வருகிறவர்கள் இன்னொரு வகை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டித் தரத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. அந்தத் தரம் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் புள்ளிகளைத் தீர்மானிப்பது மாடலின் பெயர் அல்ல. கைப்பிடி, பழுதுபார்க்கும் வசதி, பயிற்சிக்கு மிச்சமிருக்கும் பணம் ஆகிய மூன்றும்தான்.

போட்டித் தரம் எது என்பதைச் சர்வதேச விதிகளே சொல்லிவிடுகின்றன. 4.5 மில்லிமீட்டர் பெல்லட், அதாவது சிறு ஈயக் குண்டு. துப்பாக்கியின் எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். மொத்தத் துப்பாக்கியும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ராணுவப் பிஸ்டலைப் போலவே தோற்றம் கொண்ட, சின்ன கார்பன் டை ஆக்சைடு குப்பியில் ஓடும் மாடல்கள் கடைகளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றின் டிரிகரும் குறிபார்க்கும் அமைப்பும் 10 மீட்டர் போட்டிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதில் ஒரு வருடம் பழகும் பிள்ளை டிரிகரை வெடுக்கென்று இழுக்கத்தான் கற்றுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை மாற்ற இன்னொரு வருடம் ஆகும்.

நடுவில் ஒரு வகை உண்டு. ஒவ்வொரு முறையும் நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காற்றை அழுத்திச் சுடுவது. ரஷ்யாவின் ஈஜெவ்ஸ்க்கில் தயாரான பைக்கால் 46எம் இந்த வகையில் பேர்போனது. அதன் குழல் மிக நல்ல குழல். தனியாகப் பயிற்சி செய்கிற பெரியவருக்கு இன்றும் அதைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் ஒரு போட்டி என்றால் 60 ஷாட், அதற்கு முன்பு சோதனை ஷாட்கள். அத்தனைக்கும் நெம்புகோலை இழுக்கும்போது பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தோள் பாதியிலேயே தளர்ந்துவிடும். பிள்ளைகளுக்கு 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய சிலிண்டர் உள்ள பிஸ்டல்தான் சரி.

இனி, அதிகம் பேர் செய்கிற தவறுக்கு வருவோம். விலை கூடினால் குறி தப்பாது என்ற நம்பிக்கை.

ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஒன்பதுக்கு 27.5, எட்டுக்கு 43.5, ஏழுக்கு 59.5. கறுப்பு வட்டம் அந்த ஏழோடு முடிகிறது. பெல்லட்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைத்துவிடும். ஆகவே பெல்லட்டின் நடுப்புள்ளி மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகினாலும் பத்துதான். போட்டித் தரமுள்ள எந்தப் பிஸ்டலையும் மேஜையில் பிடிமானத்தில் வைத்துச் சுட்டால், நல்ல பெல்லட் போட்டிருக்கும் பட்சத்தில், ஐந்து ஷாட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அந்தப் பத்துக்குள்ளேயே விழும். டாப் மாடலிலும் அப்படித்தான், பாதி விலை மாடலிலும் அப்படித்தான்.

அப்படியானால் புள்ளி எங்கே போகிறது? குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது. இலக்கோ 10 மீட்டர் தள்ளி. சுடும் நொடியில் முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், இலக்கில் அது 30 மில்லிமீட்டர் விலகல். நேராகப் பத்துக்குப் போக வேண்டிய பெல்லட் ஏழில் போய் விழும். கால் மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட ஏழரை மில்லிமீட்டர். பத்தின் விளிம்புக்கே வந்துவிட்டது. ஒரு மில்லிமீட்டர் நகர்வது மணிக்கட்டு லேசாகத் தளர்ந்தாலோ, விரல் டிரிகரை நேர் பின்னால் இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளினாலோ நடக்கிற விஷயம். எந்தக் குழலும் அதைத் திருத்தித் தராது.

சரி, கூடுதல் பணத்துக்கு என்னதான் கிடைக்கிறது? கிடைக்கிறது, உண்மையாகவே கிடைக்கிறது. ஸ்டையர் எல்பி10, எவோ 10 போன்றவற்றின் உள்ளே ஒரு சிறு எடை இருக்கும். பெல்லட் முன்னால் பாயும் அதே கணத்தில் அது பின்னால் ஓடி, உதைப்பை அடக்கிவிடும். துப்பாக்கியின் மூக்கு துள்ளாது. எல்பி2-வில் இது கிடையாது. டாப் மாடல்களில் டிரிகரின் முதல் கட்டம், இரண்டாம் கட்டம், விரல் படும் பட்டையின் கோணம், தூரம் எல்லாவற்றையும் தனித்தனியாகத் திருகி மாற்றலாம். மோரினி சிஎம் 162-ஐ எடுத்துக்கொண்டால் மெக்கானிக்கல் டிரிகரிலும் வருகிறது, எலெக்ட்ரானிக் டிரிகரிலும் வருகிறது. எலெக்ட்ரானிக் டிரிகர் விடுபடும் கணத்தின் உணர்வு கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சுத்தமாக இருக்கும், மாதக்கணக்கில் மாறாது.

ஆனால் இதெல்லாம் யாருக்குப் புள்ளியாக மாறும்? 600-க்கு 540 என்றால் ஷாட்டுக்குச் சராசரி ஒன்பது. அந்தச் சராசரியே இன்னும் வராதவருக்கு உதைப்பு அடக்கும் எடையால் வரும் லாபம், அவருடைய கை நடுக்கத்துக்குள் மூழ்கிப்போகும். 560-ஐத் தாண்டி, ஒவ்வொரு ஷாட்டுக்குப் பின்னும் சைட் எங்கே போய் நின்றது என்று சொல்லத் தெரிந்தவருக்கு அது உதவும். சிறு பிள்ளைகளுக்கோ விலை குறைந்ததே பல சமயம் பொருத்தமானது. ஏபி20 முழுதாக ஒரு கிலோகூட இல்லை. மெலிந்த கைக்கு அதுவே போதுமான பாரம். பெரிய மாடலை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை முதுகை வளைத்து அதைத் தாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

கைப்பிடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. எக்ஸ்எஸ், எஸ், எம், எல் என்று கைப்பிடிக்கு அளவுகள் உண்டு, வலக்கை இடக்கை என்று தனி உண்டு. "வளர்கிற பிள்ளை, பெரிதாகவே எடுத்துவிடலாம்" என்பது ஸ்கூல் யூனிஃபார்முக்குச் சரிப்படும், இதற்குச் சரிப்படாது. பெரிய பிடியில் விரல் டிரிகரை எட்ட, உள்ளங்கை முழுவதும் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அப்புறம் ஒவ்வொரு ஷாட்டும் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. பெல்லட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சுடுதளத்தில் இலக்கை நோக்கி நிற்கச் சொல்லுங்கள். விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கி, வழக்கமான உயரத்தில் நிறுத்தி, அப்புறம் கண்ணைத் திறக்கட்டும். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் நடுவாக நின்றால் கைப்பிடி ஒத்துப்போகிறது. ஒவ்வொரு முறையும் அதே பக்கம் ஒதுங்கி நின்றால், அந்தப் பிடி அந்தக் கைக்கு இல்லை. ஒருமுறை அல்ல, பத்துத் தடவை செய்து பாருங்கள். இந்தச் சோதனையில் தேறிய பாதி விலை பிஸ்டல், தேறாத டாப் மாடலைவிட நிச்சயம் அதிகப் புள்ளி தரும்.

லேசான வித்தியாசம் என்றால் சரிசெய்துகொள்ளலாம். நல்ல சுடுநர்கள் பலரின் கைப்பிடியைப் பார்த்தீர்களானால் கடையில் வந்த மாதிரியே இருக்காது. அழுத்துகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்திருப்பார்கள், இடைவெளி இருக்கிற இடத்தில் மரப் புட்டி வைத்து, அது இளகி இருக்கும்போதே பிடித்து விரலின் அச்சைப் பதித்திருப்பார்கள். மரத்தாலான பிடி இதற்கெல்லாம் வசதி. ஒன்று மட்டும் கவனம்: மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக் கூடாது என்பது விதி. புட்டியைப் பின்பக்கம் ஏற்றிக்கொண்டே போனால் உபகரணச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது, எல்லாப் பணத்தையும் பிஸ்டலிலேயே போட்டுவிடுவது. இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பிஸ்டல் வந்த பிறகுதான் செலவே ஆரம்பிக்கிறது. சுடுதளக் கட்டணம், கோச், போட்டிக்குப் போய்வரும் செலவு, காற்று, பெல்லட். ஒரு டப்பாவில் 500 பெல்லட் என்றால், சோதனை ஷாட்டோடு நாளைக்கு 80 சுடுகிறவருக்கு ஒரு வாரம்கூட வராது. பெல்லட்டில் மிச்சம் பிடிக்கப் பார்த்து, விலை உயர்ந்த பிஸ்டலில் கண்ட பெல்லட்டையும் போட்டுச் சுடுகிறவர்கள் உண்டு. தட்டைத் தலையுள்ள போட்டி பெல்லட்களில் 4.49, 4.50 என்று தலையின் அளவே வித்தியாசப்படும்; எந்தக் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்பதை நாலைந்து வகை வாங்கிச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். இரண்டு மாடலுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தில் ஒரு வருடப் பயிற்சி அடங்கிவிடும் என்றால், நான் தயங்காமல் பயிற்சியைத்தான் எடுக்கச் சொல்வேன்.

காற்று நிரப்புவதில் ஒரு எச்சரிக்கை. சிலிண்டரில் உலர்ந்த, சுத்தமான காற்று மட்டும்தான். ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் நிரப்பக் கூடாது. எண்ணெய்ப் பசை பட்டால் வெடிக்கும்.

துணைப் பொருட்களின் பின்னால் ஓடுவதும் இதே தவறின் இன்னொரு முகம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கிய துருக்கியின் யூசுஃப் டிகேச், சிறப்பு லென்ஸ் எதுவும் இல்லாமல் சாதாரணக் கண்ணாடியோடு ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்டதை உலகமே பார்த்தது. கையில் இருந்தது என்னவோ முழுமையான போட்டிப் பிஸ்டல்தான். பணம் எங்கே தேவையோ அங்கே போயிருந்தது.

பழுது வந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்காமல் வாங்குவதும் பெரிய தவறு. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலையில், தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் கோளாறானது. அதைச் சரிசெய்யப் போன நேரம் திரும்பக் கிடைக்கவில்லை. மிச்சமிருந்த ஷாட்களை அவசர அவசரமாகச் சுட்டு 575 எடுத்தார், 12-ஆவது இடம். எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. மூன்று வருடம் கழித்து பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வென்றது எல்லோருக்கும் தெரியும். உலகின் தலைசிறந்த கையில் இருந்த துப்பாக்கிக்கே இது நடக்கும் என்றால், விலை எதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆகவே வாங்கும் முன் உங்கள் சுடுதளத்தில் எந்த மாடல் அதிகம் புழங்குகிறது என்று பாருங்கள். அதற்கு ஓ-ரிங், வாஷர், பேட்டரி உள்ளூரில் கிடைக்குமா, மாற்றத் தெரிந்தவர் இருக்கிறாரா, போட்டி நாளில் அவசரத்துக்கு இன்னொருவரிடம் அதே மாடல் இரவல் கிடைக்குமா? சென்னையிலோ கோவையிலோ நாலு பேர் வைத்திருக்கும் சாதாரண மாடல், யாரிடமும் இல்லாத அபூர்வ மாடலைவிட மேல். ரஷ்யப் பிஸ்டல்களுக்கு உதிரிபாகம் கிடைப்பது இப்போது சிரமம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டிரிகரைச் சரியாக 500 கிராமுக்கே வைத்துக்கொள்வது மலிவான மாடலில் கூடுதல் ஆபத்து. உபகரணச் சோதனையில் பிஸ்டலை நேர் மேல்நோக்கிப் பிடித்து 500 கிராம் எடையை டிரிகரில் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். ஸ்பிரிங் சற்றுத் தளர்ந்திருந்தாலும் தூக்காது. போட்டி முடிந்த பின்னும் சிலரைப் பொறுக்கிச் சோதிப்பார்கள், அதில் தவறினால் சுட்ட புள்ளி அத்தனையும் போயிற்று. 510, 520 என்று வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத, பெல்லட் வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குக் குறைவான ஏர் பிஸ்டலுக்கு இந்தியாவில் ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டிப் பிஸ்டல் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் "பெட்டியில் போட்டுக் கொண்டுவா" என்று சொல்லிவிடாதீர்கள். இறக்குமதிக்குத் தனி விதிகள் உண்டு, மாநிலச் சங்கத்தில் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

கடைசியாக, பலர் யோசிக்காமலே விட்டுவிடும் மூன்றாவது வழி: பழைய டாப் மாடல். ஐந்தாறு வருடம் ஓடிய எல்பி10-ஓ சிஎம் 162-ஓ புது ஏபி20-இன் விலைக்கு அருகில் கிடைத்தால், கைப்பிடி அளவு ஒத்துப்போனால், நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். நன்றாகப் பராமரித்தால் இவை பல வருடம் உழைக்கும். ஆனால் விலை பேசும் முன் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் படியுங்கள். தயாரித்து 10 வருடம் ஆன சிலிண்டரைப் போட்டியில் அனுமதிப்பதில்லை, அதில் காற்று நிரப்பவும் கூடாது. காலாவதி தேதியைப் பார்த்துக்கொள்வது சுடுநரின் பொறுப்பு. சிலிண்டரை நிரப்பி, அழுத்தமானியில் அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு இரவு வைத்திருந்து காலையில் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. இரண்டு சிலிண்டரோடு வந்தால் இரண்டையும் பாருங்கள். தேதி முடிந்திருந்தால் புதுச் சிலிண்டரின் விலையைக் கேட்டறிந்து, அதைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.