'ஒன்ஸ் இன் எ புளூ மூன்': எங்கே சொல்லலாம், எங்கே கூடாது

அத்தி பூத்தாற்போல வீட்டுக்கு வரும் உறவினரைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 'ரேர்லி' என்றாலே பொருள் வந்துவிடும், ஆனால் உப்புச் சப்பு இருக்காது. 'ஒன்ஸ் இன் எ புளூ மூன்' என்றால் கொஞ்சம் கேலியும் கொஞ்சம் குறையும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் வானத்து நிலவை மறந்துவிடுங்கள். ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியை 'புளூ மூன்' (நீல நிலா) என்பார்கள். அதிலிருந்தே இந்தத் தொடர் பிறந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். கதை தலைகீழ். தொடர் 19-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. இரண்டாவது பௌர்ணமி என்ற பொருளோ, 1946-இல் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' என்ற அமெரிக்க இதழில் வெளிவந்த கட்டுரையின் பிழையால் பரவியது. அந்தப் பௌர்ணமி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துவிடும். தொடருக்கு அப்படிக் கணக்கு எதுவும் கிடையாது.

அடுத்தது வினைச்சொல். பலரும் சறுக்குவது இங்கேதான். திரும்பத் திரும்ப, ஆனால் மிக அரிதாக நடப்பதற்கே இத்தொடர் பொருந்தும். 'ஹி விசிட்ஸ் அஸ் ஒன்ஸ் இன் எ புளூ மூன்' சரி. ஒரே ஒருமுறை தில்லி போய்வந்தவர் 'ஐ வென்ட் டு டெல்லி ஒன்ஸ் இன் எ புளூ மூன்' என்றால் தவறு. 'ஒன்ஸ்' என்ற சொல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது. வாழ்நாளில் ஒருமுறை வாய்ப்பதற்கு 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' இருக்கிறது. அவ்வப்போது நடப்பதற்கு 'ஒன்ஸ் இன் எ வைல்'. மாதம் ஒருமுறை ஓட்டலில் சாப்பிடுபவருக்கு இந்தக் கடைசித் தொடரே போதும். அவர் புளூ மூனைத் தொட வேண்டாம்.

பிறகு இடம். பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வையுங்கள். அழுத்தம் வேண்டுமானால் முன்னால் 'ஒன்லி' போடலாம். 'எ' என்பதை 'த' ஆக்காதீர்கள். 'டஸ் நாட்' போன்ற எதிர்மறையும் வேண்டாம். அரிது என்ற பொருள் உள்ளேயே இருக்கிறது.

பேச்சிலும் நண்பருக்கு எழுதும் கடிதத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். தலைவலி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று மருத்துவர் கேட்கும்போது மட்டும் நாள்கணக்கைச் சொல்லுங்கள்.

இனி ஒரு பயிற்சி. 'எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி எப்போதாவதுதான் வருகிறது' என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

'த கார்பேஜ் டிரக் கம்ஸ் டு அவர் ஸ்ட்ரீட் ஒன்லி ஒன்ஸ் இன் எ புளூ மூன்.'