வீசிங் இல்லாமல் வரும் ஆஸ்துமாவைக் கண்டுகொள்வது எப்படி?

ஆஸ்துமா என்றால் நெஞ்சில் விசில் அடிப்பதுபோல் சத்தம் கேட்க வேண்டும் என்றே பலரும் நினைக்கிறோம். அந்தச் சத்தம் துளியும் இல்லாமல், வறட்டு இருமலை மட்டுமே அடையாளமாகக் கொண்ட ஆஸ்துமாவும் உண்டு. இது தெரியாததால்தான் பல வீடுகளில் கற்பூரவள்ளிக் கஷாயத்திலும் இருமல் டானிக்கிலும் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

முதலில், இருமல் எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். பகலெல்லாம் நன்றாக இருக்கும் பிள்ளை பின்னிரவு இரண்டு மூன்று மணிக்குப் பாயில் எழுந்து உட்கார்ந்து, சளி ஏதும் வராமல் தொடர்ந்து இருமினால், அல்லது விழுந்து விழுந்து சிரித்தவுடனும் தாளிப்பு நெடியோ ஊதுபத்திப் புகையோ பட்டவுடனும் இருமல் கிளம்பினால், ஆஸ்துமாவைச் சந்தேகிக்க வேண்டும். அழற்சியால் எளிதில் தூண்டப்படும் மூச்சுக்குழாய்கள், பிறரை ஒன்றும் செய்யாத சிறு நெடிக்கும் சுருங்கிக்கொள்கின்றன. இரவில் அந்தச் சுருக்கம் இன்னும் கூடுகிறது.

ஓடும்போது இருப்பதைவிட, ஓடி நின்ற சில நிமிடங்களில் இருமலும் நெஞ்சு இறுக்கமும் அதிகமாகி, பிறகு தானாகத் தணிவதும் முக்கியமான அடையாளம். விளையாட்டிலிருந்து ஒதுங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் இதைக் கவனித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு அடிக்கடி பெருமூச்சு, தூங்கி எழுந்தும் தீராத அசதி ஆகியவை வரலாம். சிலருக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளே மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். ஆனால் நெஞ்சு இறுக்கம் புதிதாக வந்தால், முதலில் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு, இருமிய நேரத்தையும் அதற்கு முன் நடந்ததையும் ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் அவசியம். எனலாபிரில் போன்ற ரத்தஅழுத்த மாத்திரைகளாலும், நெஞ்செரிச்சலாலும்கூட வறட்டு இருமல் வரும் என்பதால், சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் சொல்லிவிடுங்கள். குழாயில் ஊதவைத்து மூச்சின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின் ஒரு விநாடியில் ஊதும் காற்றின் அளவு பெரியவர்களுக்கு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால், அது ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. தொந்தரவு இல்லாத நாளில் எடுத்த பரிசோதனை இயல்பாக இருந்தால், அதை மட்டும் வைத்து ஆஸ்துமா இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். திணறல் தீராமலே நெஞ்சுச் சத்தம் மட்டும் அடங்கிவிட்டால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூட உள்ளே காற்று போகவில்லை என்பதே அதன் பொருள்.