தோல் தைக்கும் மெஷின்: தேர்வும் பராமரிப்பும்

மெஷின் வாங்கப் புறப்படும்போது பணத்தை மறந்துவிட்டுப் போகிறவர் யாரும் இல்லை. தைக்கப்போகும் தோலின் துண்டையும் நூலையும் மறந்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். விற்பவர் தம்மிடமுள்ள மெல்லிய துண்டில், தமக்குப் பழகிய நூலில் தைத்துக் காட்டினால் எந்த மெஷினும் அழகாகவே தைக்கும். நம்முடைய தோல், நம்முடைய நூல், நம்முடைய மடிப்பு ஆகிய மூன்றையும் கொண்டுபோய்த் தைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, மெஷினின் பெயரைத் தீர்மானிப்பதற்கு முன் வேலையின் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும். தையல் விழப்போகும் பொருள் மேசைமீது தட்டையாகக் கிடக்குமா, குழாய்போல வளைந்திருக்குமா, கிண்ணம்போல எழும்பி நிற்குமா என்று பார்க்க வேண்டும். பெல்ட், மணிபர்ஸ், இன்னும் மூட்டாத பையின் பாகங்கள் ஆகியவற்றுக்குத் தட்டையான படுக்கை கொண்ட ஃப்ளாட் பெட் போதும். பையின் பக்கச்சுவர், குறுகிய வாயுள்ள உறை போன்றவற்றுக்குச் சிலிண்டர் பெட் வேண்டும். நீட்டிய கைபோல இருக்கும் அதன் உருளையில் பொருளை மாட்டித் தைக்கலாம். ஷூவின் மேற்பாகமான அப்பரோ, முன்பாகமும் குதிப்பாகமும் சேர்ந்தவுடன் தட்டையாகக் கிடக்க மறுத்துவிடும். ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் வரிசையாகப் போஸ்ட் பெட் மெஷின்கள் நிற்பதற்கு இதுவே காரணம். தூண்போல எழும்பி நிற்கும் அந்தப் படுக்கையைச் சுற்றி எல்லாப் பக்கமும் காலியாக இருப்பதால், அப்பரைத் திருப்பித் திருப்பித் தைக்க முடிகிறது. ஒரே மெஷின்தான் வாங்க முடியும் என்ற நிலையிலுள்ள பை தைப்பவர், சிலிண்டர் பெட்டையும் அதன்மேல் பொருத்தும் மேசைப்பலகையையும் சேர்த்து வாங்குவது நல்லது என்பது என் கருத்து. தட்டையான வேலையை அதில் ஒருவாறு சமாளித்துவிடலாம். ஆனால் மூட்டிய பையின் உள்மூலைக்குள் ஃப்ளாட் பெட் நுழையாது.

படுக்கைக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது தோலை நகர்த்தும் முறை. துணி தைக்கும் சாதாரண மெஷினில் அடியிலுள்ள பல் மட்டுமே துணியைத் தள்ளும். தோலில் இந்த முறையைப் பயன்படுத்தினால், மேலடுக்கு, அதை அழுத்திப் பிடிக்கும் பாதத்தில் ஒட்டிக்கொண்டு பின்தங்க, கீழடுக்கு முன்னேறிவிடும். நீண்ட தையலின் முடிவில் இரண்டு விளிம்புகளும் பொருந்தாமல் நிற்பதைக் கண்டபிறகுதான் தவறு புரியும். பல், ஊசி, மேல்பாதம் மூன்றும் சேர்ந்து நகரும் வாக்கிங் ஃபுட் அமைப்பே பைக்கும் பெல்ட்டுக்கும் ஏற்றது. ஜூகி டிஎன்யு 1541, பாஃப் 1245 ஆகிய ஃப்ளாட் பெட்களும் பாஃப் 335 சிலிண்டர் பெட்டும் இந்த வகையைச் சேர்ந்தவை. அப்பர் வேலைக்கு, பாதத்துக்குப் பதிலாகச் சிறு சக்கரம் உருளும் ரோலர் வகையே சிறந்தது. மென்மையான தோலில் அது தழும்பு குறைவாக விடும், நெருக்கமான வளைவுகளில் எளிதாகத் திரும்பும். ஆனால் தடித்த படியில் ஏறும்போது ரோலர் திணறும். அப்பர்த் தோல் பெரும்பாலும் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் தடிமனில் வருவதால், ஓரங்களை முறையாக மெலிதாகச் சீவியிருந்தால் இந்தத் திணறல் பெரிதாகத் தெரியாது.

விற்பவர்கள் சொல்லும் ஓர் எண்ணில் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பாதம் 16 மில்லிமீட்டர் உயரும் என்றால் 16 மில்லிமீட்டர் தோலைத் தைக்கும் என்று பொருளல்ல. தூக்கும் உயரம் வேறு, தைக்கும் தடிமன் வேறு. பின்னது எப்போதும் குறைவாகவே இருக்கும்.

புது மெஷின் வாங்க வசதியில்லாதவர்களுக்கு நம் பகுதியில் ஒரு வாய்ப்பு உண்டு. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் ஒரு பக்கம், ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் இன்னொரு பக்கம் போயின. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. ஆயினும் தோல் வேலை செய்கிறவர்களுக்குப் பழைய வட ஆர்க்காடு இன்னும் ஒரே சந்தைதான். ஓர் ஊரில் மூடிய பட்டறையின் மெஷின் வேறோர் ஊரில் விலைக்கு வரும். அப்படி வந்த ஒரு போஸ்ட் பெட் மெஷினைத்தான் நான் முதலில் வாங்கினேன். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். இரண்டடுக்குத் தோலில் குறையே தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கடுக்கில் ஏற்றியபோது, மூன்று நான்கு அங்குலத்துக்கு ஒருமுறை தையல் விட்டுப்போயிற்று. மேல்நூலைப் பிடித்து அடிநூலோடு பின்னும் ஹூக்கை மெக்கானிக் கழற்றிக் காட்டினார்: முன்பொருமுறை ஊசி மோதி மழுங்கிய அதன் முனையை யாரோ அரத்தால் தேய்த்துக் கூராக்கியிருந்தார்கள், தேய்த்த அளவுக்கு முனை குட்டையாகியிருந்தது. ஹூக் மாற்றிய செலவைச் சேர்த்தால் நல்ல மெஷினே வாங்கியிருக்கலாம்.

ஆகவே பழைய மெஷினைப் பார்க்கும்போது மின்சாரத்தைப் போடுவதற்கு முன்பே சில சோதனைகளைச் செய்துவிட வேண்டும். கைச்சக்கரத்தை ஒரு முழுச்சுற்று மெதுவாகத் திருப்பினால், எங்கும் இடறாமல் ஒரே சீராகச் சுழல வேண்டும். ஊசிக்கம்பியை விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. ஊசி இறங்கும் தட்டைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் ஹூக்கின் முனையைப் பார்க்க வேண்டும். நகத்தால் மெல்லத் தடவினால் பிசிறு இருந்தால் மாட்டும். பிறகு நூல் கோர்க்காமல் ஒரு தடித்த அட்டையில் பத்துப் பதினைந்து துளைகள் முன்னோக்கித் தைத்து, ரிவர்ஸ் போட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். துளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஓட்டம் சரியாக இருக்கிறது. இரட்டைத் துளைகளாக விழுந்தால் அந்தத் தேய்மானத்துக்கு விலையில் கழித்துக் கேட்கலாம். கடைசியாகத்தான் தோல். இரண்டடுக்கிலிருந்து நான்கடுக்குக்கு ஏறி இறங்கும்படி துண்டை ஒட்டிக்கொண்டுபோய், ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் தையலின் நீளம் மாறுகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

மோட்டாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய கிளட்ச் மோட்டார் நாம் தைக்காதபோதும் ஓடிக்கொண்டே இருந்து மின்சாரத்தைத் தின்னும். பெடலைத் தொட்டவுடன் பாய்ந்துவிடும் அதன் குணம் தோலுக்கு ஆகாது. தைக்கும்போது மட்டும் ஓடும் 550 அல்லது 750 வாட் சர்வோ மோட்டாரைப் போட்டு, மோட்டார்ப் பக்கத்துப் புல்லியைச் சிறியதாக மாற்றினால், ஒவ்வொரு தையலாக எண்ணித் தைக்கலாம். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதியில் இருப்பவர்கள் சர்வோவின் கன்ட்ரோல் பெட்டிக்கு முன்னால் ஸ்டெபிலைசர் வைப்பதும், எர்த் இணைப்பைச் சரிபார்ப்பதும் கட்டாயம்.

மெஷினின் குறை என்று மெக்கானிக்கை அழைக்கும் வேலைகளில் பெரும்பகுதி உண்மையில் ஊசியின் குறையாகவே இருப்பதால், ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசி உறையில் மூன்று செய்திகள் இருக்கும். முதலாவது ஊசியின் வகை. ஒரு மெஷினுக்குரிய வகையை இன்னொன்றில் மாட்டினால், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் நீளத்தின் சிறு வேறுபாடே ஹூக்கை ஏமாற்றிவிடும். வாக்கிங் ஃபுட் மெஷின்கள் பலவற்றுக்குரிய 135x17 துணிக்கான முனை கொண்டது. அதே நீளத்தில் தோலுக்கான முனையுடன் வருவது 135x16. கடையில் வெறுமனே 17 என்று கேட்டு வாங்கி வந்து, தோல் துளைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. இரண்டாவது பருமன், 110 என்றால் ஊசித்தண்டின் குறுக்களவு 1.10 மில்லிமீட்டர், அதையே 18 என்றும் குறிப்பார்கள். மூன்றாவது முனையின் வடிவம். தோல்முனை குத்துவதில்லை, வெட்டுகிறது. எஸ் முனை தையல் போகும் திசையிலேயே வெட்டுவதால், தையல் நேர்கோடாகத் தெரியும். நீளமான தையலுக்கு ஏற்றது. பி முனை குறுக்கே வெட்டும். எல்ஆர் முனை சாய்வாக வெட்டுவதால் தையல்கள் லேசாகச் சாய்ந்து விழும். எதை வாங்குவது என்று தெரியாதவர் எல்ஆரில் தொடங்கலாம்.

நூலின் பருமனைக் குறிக்கும் டிக்கெட் எண் கூடக்கூட நூல் மெலியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இழைகள் பிரியாதபடி மேற்பூச்சிட்ட பாண்டட் நைலான் நூலில் டிக்கெட் 60க்கு 90 அல்லது 100 ஊசியும், 40க்கு 100 அல்லது 110 ஊசியும், 20க்கு 140 ஊசியும் பொருந்தும். வெயிலில் கிடக்கப்போகும் பொருளுக்கு நைலானைவிடப் பாலியெஸ்டர் தாங்கும். அப்பரில் ஒரு தையல் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், பையில் 3.5 முதல் 4 மில்லிமீட்டர் என்ற அளவு வழக்கத்தில் உள்ளது. மெல்லிய தோலில் இதைவிட நெருக்கினால், தபால்தலைத் தாளின் ஓரம்போலத் தோல் கிழிய வழி செய்துகொடுக்கிறோம். நைலான் 260 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். தடித்த தோலில் வேகமாக ஓட்டும்போது ஊசியின் சூடு நூலின் மேற்பூச்சை இளக்கிவிடும். நூல் அறுந்து, அறுந்த நுனி உருண்டு கெட்டியாக இருந்தால் காரணம் நூலின் இறுக்கமான டென்ஷன் அல்ல, சூடு. வேகத்தைக் குறைத்தாலே சரியாகும்.

சொல்யூஷன் காய்வதற்கு முன் தைப்பது இன்னொரு பழக்கதோஷம். பசை ஊசியின் பள்ளத்தில் அப்பிக்கொள்ள, நூல் கண்ணி விழாது, தையல் விட்டுப்போகும். ஊசியைத் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பதே இதற்குரிய மருந்து.

ஊசியை மாற்றியும் தையல் விட்டுப்போனால் மட்டும் ஹூக் டைமிங்கைப் பார்க்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, தட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுழற்றி, ஊசியை அதன் அடிமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து ஊசி ஏறத்தாழ 2 முதல் 2.5 மில்லிமீட்டர் மேலேறும்போது ஹூக்கின் முனை ஊசியின் நடுக்கோட்டுக்கு வந்து சேர வேண்டும். அப்போது முனை ஊசியின் கண்ணுக்குச் சற்று மேலே, ஊசியில் குடைந்திருக்கும் பள்ளத்துக்குள் நிற்க வேண்டும். முனைக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி, அதாவது 0.1 மில்லிமீட்டருக்குள், இருந்தால் போதும். துல்லியமான அளவுக்கு அந்தந்த மாடலின் கையேட்டையே பின்பற்ற வேண்டும். 90 ஊசியில் ஓடிய மெஷினில் 140ஐ மாட்டினால், ஊசியின் பக்கம் ஹூக்கை நோக்கிக் கால் மில்லிமீட்டர் நகர்கிறது. சரிபார்க்காமல் ஓட்டினால் இரண்டும் மோதும். என்னுடைய முதல் மெஷினின் ஹூக் அப்படித்தான் மழுங்கியிருக்க வேண்டும்.

சில மாடல்களில் நூல் சிக்கினால் ஹூக்கை விடுவித்துவிடும் பாதுகாப்பு கிளட்ச் உண்டு. ஊசி ஏறி இறங்குகிறது, ஹூக் மட்டும் சுழலவில்லை என்றால் டைமிங் போய்விட்டதாகப் பதறாமல், சிக்கிய நூலை எடுத்துவிட்டு, கையேட்டில் காட்டியுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு, அதில் சொல்லியுள்ள திசையில் கைச்சக்கரத்தைச் சுழற்றினால், ‘டக்’ என்று மீண்டும் பூட்டிக்கொள்ளும்.

அன்றாடப் பராமரிப்புக்குக் கால்மணி நேரம் போதும். மாலையில் பல்லுக்கு அடியிலும் அடிநூல் உருளை இருக்கும் பாபின் கேஸிலும் சேர்ந்த தோல்தூளையும் நூல்பஞ்சையும் பிரஷால் எடுக்க வேண்டும். காற்றடித்து ஊதினால் தூள் உள்ளேதான் போகும். காலையில் ஹூக்கில் இரண்டு சொட்டும், குறியிட்ட துளைகளில் ஒவ்வொரு சொட்டும் வெள்ளைத் தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகிப் பூட்டிக்கொள்ளும். வண்டி எண்ணெயோ கெட்டியாக இருப்பதால் நுண்ணிய இடங்களுக்குள் போகாது. எண்ணெய் விட்டபின் முதல் தையலைக் கழிவுத் துண்டில்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் வெளிர் நிறத் தோலில் கறை விழும்.

பட்டை பதனிட்ட தோல் தைப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தென்னாட்டுத் தோல் பெயர்பெற்றிருந்தது. இன்றும் இஐ (ஈஸ்ட் இந்தியா) எனப்படும் பட்டைத்தோல் புவிசார் குறியீட்டுடன் விற்பனையாகிறது. அந்தப் பட்டையிலுள்ள துவர்ப்புப்பொருள் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் மை போலக் கறுத்துவிடும். துருவேறிய தட்டின்மேல் நீர் தெளித்து நனைத்த பெல்ட்டைத் தைத்தால், தையலின் இருபுறமும் சாம்பல்நிறக் கோடு விழுவதைக் காணலாம். அதைத் துடைத்து எடுக்க முடியாது. நுண்ணிய எமரித் தாளால் தட்டைத் தேய்த்து, இரும்புத்தூளை முழுவதும் துடைத்தபின்பே இத்தகைய தோலைத் தைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆர்டர் குறைந்து மெஷின் சில நாள் சும்மா நிற்கும்போது, ஊசியைக் கழற்றி, பாதத்தின் அடியில் எண்ணெய் தொட்ட துணியை மடித்து வைத்து, மேலே பருத்தித் துணியால் மூட வேண்டும். பிளாஸ்டிக் உறை உள்ளே வியர்த்துத் துருவைக் கூட்டும். வாரம் ஒருமுறை கைச்சக்கரத்தை நாலைந்து சுற்றுத் திருப்பிவைத்தால் எண்ணெய் ஓரிடத்தில் உறையாது.