புரோக்கருக்குப் போன் போடாமல், வீட்டை அவசரமாக விற்பவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

முகம் தெரியாதவரிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். புரோக்கரும் வேண்டாம், போனும் வேண்டாம் என்று தேடியபோது கிடைத்த வழி இது. கோவைப் பக்கம் ஒரு வீட்டை இப்படித்தான் வாங்கினேன்.

முதலில் செய்தித்தாள். கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்வது சர்ஃபேசி சட்டம் (2002). அதன்படி வங்கி ஒரு சொத்தைச் சுவாதீனம் எடுத்தால், அதாவது தன் வசம் எடுத்தால், இரண்டு நாளிதழ்களில் அறிவிப்புப் போட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில். ஏல அறிவிப்பை விடுங்கள், அங்கே கூட்டம். ‘சுவாதீன அறிவிப்பு’ என்று வருவதை வெட்டி வையுங்கள். ஏல அறிவிப்பு வெளியாகும்வரை கடனைக் கட்டிச் சொத்தை மீட்க உரிமையாளருக்கு வழி இருக்கிறது. தானே விற்றால் அவர் கையிலும் நாலு காசு நிற்கும்.

அடுத்து வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவான அடமானம், விற்பனை போன்ற விவரம். தமிழகப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இங்கேதான் நான் இரண்டு நாள் தொலைத்தேன். நகர் பெயர் உதவாது, கிராமத்தின் பெயர் வேண்டும். அது சரியாக இருந்தும் சர்வே எண்ணை 214/3பி என்று போட்டுத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. மனை உட்பிரிவு ஆவதற்கு முன்பே அடமானம் பதிவாகியிருந்தது! வெறும் 214/3 போட்டதும் எல்லாம் வந்தது. இரண்டு எண்ணிலும் தேடுங்கள். ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ (பத்திரத்தை வங்கியில் கொடுத்து வைத்த அடமானம்) என்று இருந்து, பின்னால் கடன் தீர்ந்ததைக் காட்டும் ‘ரசீது’ ஆவணம் இல்லையென்றால் கடன் உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு வங்கி இருந்தால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

அப்புறம் கடிதம். வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம், மோசடி என்றுதான் நினைப்பார்கள். கையால் எழுதுங்கள், உறையை ஒட்டி அனுப்புங்கள். என் முதல் கடிதம் தபால் அட்டையில் போனது. வீட்டுப் பெரியவருக்குக் கடன் விஷயமே அதைப் படித்துத்தான் தெரிந்ததாம். இன்றும் நினைத்தால் கூசுகிறது. இப்போது கடனைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை: “வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் எழுதுங்கள்,” அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: கருத்துப் பகுதியில் ஒருவர், முன்பணம் கொடுத்த பிறகுதான் வங்கிக்குப் போனதாக எழுதியிருக்கிறார். 60 நாளில் கடனைக் கட்டச் சொல்லும் வங்கியின் நோட்டீஸ் வந்துவிட்டால், அதன் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உரிமையாளர் விற்க முடியாது. சம்மதக் கடிதம் கைக்கு வந்தபின், அவருடைய கடன் கணக்குக்கே டிடி எடுங்கள். அதற்கு மேனேஜரிடம் பேசித்தான் ஆக வேண்டும். நான் கேள்விகளைத் தாளில் எழுதி அப்படியே அவரிடம் நீட்டிவிட்டேன்.