சென்னைல சின்னதா ஒரு சேம்பர் ஃபோக் பேண்ட் ஆரம்பிக்கிறது எப்படி

சேம்பர் ஃபோக்னா நாட்டுப்புறப் பாட்டை சின்ன ரூமுக்கு ஏத்த மாதிரி சில கருவிகளோட மென்மையா வாசிக்கிறது. ஒரு குரல், வயலின், செல்லோ, அக்கூஸ்டிக் கிட்டார், கஞ்சிரா. இவ்வளவு போதும், ட்ரம் கிட்டும் பேஸ் ஆம்பும் வேணாம். ஆள் சேர்ந்ததும் பாட்டு எடுக்க உக்காந்துடாதீங்க, முதல்ல பாடுறவங்க கட்டை, அதாவது அவங்க ஸ வைக்கிற சுருதி, என்னன்னு பாருங்க, எல்லாமே அதுலதான் இருக்கு.

பாடுறவங்களுக்கு 5½ கட்டை வசதின்னு வைங்க, அதாவது ஜி ஷார்ப். கிட்டாருக்கு கேப்போ (கம்பிகளை மொத்தமா அழுத்திப் பிடிக்கிற கிளிப்) மாட்டினா முடிஞ்சுது, ஆனா வெஸ்டர்ன் டியூனிங் வயலின்ல ஓப்பன் கம்பி ஜி டி ஏ ஈ, செல்லோல சி ஜி டி ஏ, இதுல ஸவும் கிடையாது பவும் கிடையாது, எல்லாத்தையும் விரல் வச்சே வாசிக்கணும், திறந்த கம்பில வர்ற ரீங்காரம் சுத்தமா போயிடும். 5 கட்டைன்னா ஸ ஜி, ப டி, ரெண்டும் ஓப்பன் கம்பிலயே இருக்கு, அதனால 5 கட்டைக்கு இறங்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க, அரை கட்டைதான், நிறைய பேருக்கு கஷ்டமா இருக்காது. முடியலன்னா குரலை வாட்டாதீங்க, செல்லோவை அரை ஸ்வரம் இறக்குங்க, மேல் கம்பி ஜி ஷார்ப் ஆயிடும். கர்நாடக வயலின்காரர் கிடைச்சா இன்னும் நிம்மதி, அவர் பாடுறவங்க சுருதிக்கே ஸ-ப-ஸ-பன்னு சேத்துப்பார். கிட்டார்ல ஆறு கம்பியையும் டி ஏ டி ஜி ஏ டின்னு டியூன் பண்ணி 5வது ஃப்ரெட்ல கேப்போ போட்டா 5 கட்டைக்கு அழகா உக்காரும், அந்த டியூனிங்ல காந்தாரமே (ராகத்தோட க ஸ்வரம்) இல்லாததால பல ராகங்களோட சாயலைக் கெடுக்காது.

பறை வேணும்னு ஆசை வரும், நியாயமான ஆசைதான். ஆனா அது திறந்தவெளிக்குப் பொறந்த சத்தம், அம்பது பேர் உக்காருற ரூம்ல வயலின் கேக்கவே கேக்காது. மெதுவா அடிங்கன்னு கலைஞர்கிட்ட சொல்றது அந்தக் கருவிக்கு மரியாதை இல்லங்க. வெளி ஷோ வரும்போது கூப்பிடுங்க, முழு வீச்சுல அடிக்கட்டும். ரூமுக்கு கஞ்சிரா, உடுக்கை சரியா இருக்கும்.

இப்ப பாட்டு. தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு இதுல பல மெட்டு நாலஞ்சு ஸ்வரத்துக்குள்ளயே சுத்தி வரும், அதுக்கு அடிக்கொரு கார்ட் மாத்தினா சினிமாப் பாட்டு மாதிரி ஆயிடும். செல்லோ ஸவுல நீளமா ஒரு வில் இழுத்துட்டு நிக்கட்டும், வயலின் பாடுறவங்க மூச்சு வாங்குற இடத்துல மட்டும் பேசட்டும், வரி ஓடும்போது சும்மா இருக்கட்டும். வாசிக்காம இருக்கிறதுதான் இந்த மாதிரி பேண்ட்ல ரொம்ப கஷ்டமான வேலை, ரிகர்சல்ல பாதி நேரத்தை அதுக்கே ஒதுக்குங்க.

பாட்டை யூடியூப்ல இருந்து எடுக்காம பாடுற அம்மாக்கள்கிட்ட நேரா போய் கத்துக்கோங்க. கிரெடிட்ல 'பாரம்பரியப் பாடல்'னு மட்டும் போட்டுட்டு போயிடக்கூடாது, அவங்க சம்மதிச்சா அவங்க பேரும் ஊரும் வரணும். இன்னொண்ணு, நாட்டுப்புறப் பாட்டுன்னு நாம நினைக்கிறதுல சிலது கவிஞர் எழுதினதா இருக்கும், எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை உண்டு, ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி விசாரிச்சுடுங்க.

சின்ன ரூம்னா மைக்கே வேணாம். கொஞ்சம் பெரிய இடம்னா நடுவுல ஒரே ஒரு கண்டென்சர் மைக் வச்சு சுத்தி நில்லுங்க, குரல் கிட்ட, மத்தவங்க தள்ளி, பேலன்ஸை கால்தான் பண்ணும். ஏசில வயலின் பிருடை (கம்பியை முறுக்குற ஆணி) வழுக்கும், கடற்கரைப் பக்கம் போனா ஈரத்துல இறுகிக்கும், அதனால அரை மணி நேரம் முன்னாடியே போய் கருவியை வெளிய எடுத்து வச்சுடுங்க.

இடத்துக்கு டிசம்பர்ல அலையாதீங்க, மார்கழி சீசன்ல ஹாலும் கிடைக்காது சவுண்ட்காரரும் கிடைக்க மாட்டார். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ், பெசன்ட் நகர் ஸ்பேசஸ் மாதிரி இடங்கள்ல விசாரிங்க. சபாவுக்கு வெளியவும் கச்சேரி நடக்கும்னு பெசன்ட் நகர் பக்கத்து மீனவக் குப்பத்துல 2015ல தொடங்கின ஊரூர் ஆல்காட் குப்பம் விழா காட்டிடுச்சு, அதனால மொட்டை மாடி, லைப்ரரி, பள்ளிக்கூட ஹால் எதையும் விடாதீங்க. வெளியில ஸ்பீக்கர் வைக்கிறதா இருந்தா போலீஸ் அனுமதி வாங்கணும், ராத்திரி 10 மணிக்கு நிறுத்திடணும்.

முதல் ஷோவுக்கு ஏழு பாட்டு, நாப்பது நிமிஷம் போதும். வசூல் எவ்வளவு கம்மியா வந்தாலும் பாட்டு சொல்லிக்கொடுத்தவங்களுக்கு ஒரு பங்கு முதல்ல எடுத்து வச்சுட்டு, அப்புறம் ஆட்டோ கணக்கு பாருங்க.