10-க்கு 20 கடையில் மனசுக்கு இதமான சலூன் அமைப்பது எப்படி?

சலூன் வைக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வாசலில் நின்றுதான் யோசிக்கிறார்கள். போர்டு எப்படி இருக்கும், சீலிங்கில் என்ன டிசைன் போடலாம், உள்ளே நுழைந்ததும் என்ன தெரியும் என்று. ஆனால் வாடிக்கையாளர் வாசலில் நிற்பது சில நொடிகள்தான். நாற்காலியில் உட்கார்ந்திருப்பதோ அரை மணி நேரம், கலரிங் என்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகும். அதனால் கடையை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துத்தான் வடிவமைக்க வேண்டும்.

திண்டுக்கல்லில் என் சித்தப்பா மகன் ஒற்றை ஷட்டர் கடை ஒன்றை எடுத்தான். 10 அடி அகலம், 20 அடி நீளம். அதில் நாங்கள் செய்ததை வைத்தே சொல்கிறேன்.

படி 1: காலிக் கடையில் உட்காருங்கள்

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டு, காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். உட்கார்ந்தவர் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தில் வெயில் எப்போது கண்ணில் அடிக்கிறது, தெருச்சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: சாக்பீஸால் கோடு போடுங்கள்

நாற்காலி வாங்குவதற்கு முன்பே தரையில் வரைந்துவிடுங்கள். நீளச் சுவரை ஒட்டி கண்ணாடிக்குக் கீழே 1 அடி அகலத்தில் பலகை. நாற்காலிக்கும் கால் நீட்டுவதற்கும் 4 அடி. அதற்குப் பின்னால் 3 அடி; முடி வெட்டுபவர் நிற்கவும், ஷேவிங்குக்கு நாற்காலியைச் சாய்க்கவும் அது வேண்டும். மீதி 2 அடி நடைபாதை.

இரண்டு நாற்காலிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையில் 5 அடி விடுங்கள். முன்னால் 5 அடி காத்திருக்கும் இடம், பின்னால் 5 அடி தலை அலசும் இடம் என்று போனால், நடுவில் இரண்டு நாற்காலிக்குத்தான் இடம். மூன்றாவதை நெருக்கிப் போட ஆசை வரும். முழங்கை இடிக்கிற கடையில் எந்த அலங்காரமும் எடுபடாது. இரண்டோடு நிறுத்துங்கள்.

படி 3: கண்ணாடியும் எதிர்ச்சுவரும்

நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது கண்ணாடியை. கண்ணாடிக்குள் தெரிவது அவருக்குப் பின்னால் இருக்கும் சுவர். அப்படியானால் கடையின் முக்கியமான சுவர் அந்தப் பின்சுவர்தான். பல கடைகளில் அங்கேதான் ஈரத்துண்டு, குப்பைக்கூடை, துடைப்பம், மெயின் பாக்ஸ் எல்லாம் இருக்கும். அத்தனையையும் கண்ணாடி இருக்கும் சுவர்ப்பக்கம், பலகைக்குக் கீழே மூடிய அலமாரிக்குள் கொண்டுபோங்கள். பின்சுவர் வெறுமையாக இருக்கட்டும். மீறினால் ஒரு மணி பிளான்ட் தொட்டி போதும்.

எதிரெதிரே கண்ணாடி வைப்பது பழைய வழக்கம். சின்ன வயதில் அதற்குள் நூறு முகம் தெரிவதை வாய் பிளந்து பார்த்திருப்போம். ஆனால் சின்னக் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அசைவு தெரிவதால் கண்ணுக்கு ஓய்வே இருக்காது. பின்னந்தலையைக் காட்டக் கைக்கண்ணாடி போதும். சுவர் முழுக்க ஒரே கண்ணாடியாகவும் வேண்டாம். ஆளுக்கு ஒன்றாக இரண்டரை அடி அகலத்தில் இடைவெளி விட்டு மாட்டினால், பக்கத்து நாற்காலிக்காரரோடு கண்ணுக்குக் கண் சந்திக்க வேண்டியிருக்காது.

படி 4: வெளிச்சம்

தலைக்கு நேர் மேலே மட்டும் விளக்கு இருந்தால் கண்ணுக்குக் கீழும் தாடைக்குக் கீழும் நிழல் விழும். நன்றாகத் தூங்கி எழுந்தவர்கூடக் களைத்துப்போனவராகத் தெரிவார். கண்ணாடியின் இரு பக்கமும், முகத்தின் உயரத்தில், நெட்டுக்குத்தாக எல்.இ.டி. விளக்கு வையுங்கள். அதன் மேல் பால் நிற மூடி இருக்க வேண்டும்.

வாங்கும்போது பெட்டியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று கெல்வின், வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சொல்லும் எண்; அது குறையக் குறைய மஞ்சள் கூடும். நம் வீடுகளில் வழக்கமாக மாட்டும் 6500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை. முகத்துக்கு 4000 நன்றாக இருக்கும். காத்திருக்கும் இடத்துக்கு 3000 போடலாம். இன்னொன்று சி.ஆர்.ஐ. நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு அது. 90-க்குக் குறையாமல் வாங்குங்கள். இல்லாவிட்டால் கடைக்குள் பார்த்த பர்கண்டி (அடர்சிவப்பு) முடி நிறம் வெயிலில் வேறாகத் தெரியும். கோபத்தோடு திரும்பி வருவார்கள்.

படி 5: சத்தம்

காலிக் கடையின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். 'கிணீர்' என்று திரும்பி வந்தால், டிரையர் ஓடும்போது என்ன ஆகும் என்று புரிந்துவிடும். டைல்ஸ், கண்ணாடி, வழவழப்பான சீலிங் மூன்றும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். மென்மையான பொருள்கள்தான் அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் துணியில் வெட்டிய முடி ஒட்டும். ஆகவே நாற்காலிக்கு ரெக்சின். மென்மையானவை எல்லாம் இடுப்புக்கு மேலே.

நாங்கள் சீலிங்கின் ஒரு பகுதியில் ஓர் அங்குல ராக்வூல் (பாறையிலிருந்து செய்யும் பஞ்சு போன்ற பொருள்) பலகைகளைத் துணியால் மூடிப் பொருத்தி, அதன் மேல் கோரைப்பாய் விரித்து அடித்தோம். பாய் மட்டும் போட்டால் பெரிய பயன் இல்லை. அதன் பின்னால் இருப்பதுதான் வேலை செய்கிறது. பத்தமடைப் பாயைத்தான் ஆசைப்பட்டோம், செலவு கையைக் கடித்தது. சாதாரணக் கோரைப்பாயும் அழகாகவே இருக்கிறது. அப்புறம், செய்திச் சேனல் ஓடும் டிவி வேண்டாம்.

படி 6: தலை அலசும் இடம்

பேசினில் சாய்ந்தவர் கண் சீலிங்கைப் பார்க்கும். அங்கே விளக்கு இருந்தால் நேராகக் கண்ணில் குத்தும். விளக்கைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றுங்கள். கழுத்துக்கு மெத்தென்ற ரப்பர் தாங்கி, முடி அடைக்காதபடி வடிகுழாயில் வலை, 3 லிட்டர் உடனடி ஹீட்டருக்குப் பதில் 25 லிட்டர் கீசர். தண்ணீர் திடீரென்று சில்லென்று மாறினால் அதுவரை இருந்த நிம்மதி போய்விடும்.

படி 7: காற்று, கரண்ட், தரை

நாற்காலிக்கு மேலே சீலிங் ஃபேன் வேண்டாம், முடி பறக்கும். ஏ.சி. காற்று ஈரத்தலையில் நேராக அடிக்கக்கூடாது. கலரிங் நாற்காலிக்குப் பக்கத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம், அம்மோனியா நெடி தேங்கக்கூடாது. 2000 வாட்ஸ் டிரையர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஒவ்வொரு நாற்காலிக்கும் 16 ஆம்பியர் பிளக் தனியாக.

தரைக்கு வழுக்காத மேட் டைல்ஸ், நடுத்தரச் சாம்பல் நிறம். ஆத்தங்குடிக் கல் எனக்கு உயிர். ஆனால் அது சிமென்ட் கல், ஹேர் டை சிந்தினால் கறை ஊறிவிடும். காத்திருக்கும் இடத்தோடு நிறுத்துங்கள். சுவருக்கு மஞ்சள் சாயும் வெள்ளை. கண்ணாடிக்குப் பக்கத்தில் பச்சையோ ரோஸோ அடித்தால் அந்த நிறம் முகத்தில் விழும்.

படி 8: காத்திருக்கும் இடமும் வாசலும்

பெரியவர்கள் ஊன்றி எழ, பெஞ்சுக்குக் கைப்பிடி வையுங்கள். உயரம் 18 அங்குலம். வாசல் கண்ணாடியை முழுக்க ஸ்டிக்கரால் மூடாமல், 3 அடியிலிருந்து ஐந்தரை அடி வரை மட்டும் பனி படிந்தது போன்ற மங்கலான ஸ்டிக்கரை ஒட்டினால் உள்ளிருப்பவர் முகம் மறையும், வெளிச்சமும் வரும். ஓர் அலமாரியில் புத்தகம் வையுங்கள். தூத்துக்குடியில் பொன்.மாரியப்பன் தன் சலூனுக்குள் நூலகமே வைத்திருக்கிறார். 2020 அக்டோபரில் 'மனதின் குரல்' வானொலி நிகழ்ச்சியில் பிரதமர் மோடி அவரோடு பேசினார். சின்னக் கடையிலும் இது முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

படி 9: திறப்பதற்கு முதல் நாள்

எல்லா நாற்காலியிலும் நீங்களே வாடிக்கையாளராக உட்காருங்கள். ஆமாம், ஒரு நாற்காலியில் முடி வெட்டிக்கொள்ளுங்கள், அடுத்ததில் தாடி, பேசினில் அலசல். இருட்டிய பிறகு செய்யுங்கள். தம்பி கடையில் அப்படி உட்கார்ந்தபோதுதான், பின்சுவர் மூலையில் வைஃபை பெட்டியின் நீல விளக்கு கண்ணாடிக்குள் மினுக்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்தேன். அன்று இரவே கழற்றி அலமாரிக்குள் வைத்தோம்.