டர்ட் ரேஸ்ல முட்டி ஜவ்வு கிழிஞ்சா, திரும்பி வரும்போது பண்ணவே கூடாத தப்புகள்

டர்ட் ட்ராக்ல முட்டி போறது எப்பவும் பெரிய ஜம்ப்ல பறந்து விழுந்துதான்னு நினைக்காதீங்க, நிறைய நேரம் சாதாரண கார்னர்லதான் போகுது. உள்பக்க காலை நீட்டி திரும்புறோம், பூட் ஒரு பள்ளத்துல மாட்டிக்குது, பாதம் மண்ணுல நிக்குது, பைக் முன்னாடி போய்க்கிட்டே இருக்கு, நடுவுல மாட்டின முட்டி முறுக்கிக்குது. உள்ளேயே "டப்"னு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு அடிபட்டவங்க பல பேர் சொல்லுவாங்க. ஏசிஎல்ங்கற நடு ஜவ்வு பல பேருக்கு போறது இப்படித்தான், கூடவே எம்சிஎல்ங்கற உள்பக்கத்து ஜவ்வும், ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கற மெனிஸ்கஸும் சேர்ந்து கிழியறதும் உண்டு.

இதுக்கப்புறம் நடக்கற முதல் தப்பு, எழுந்து நின்னுட்டேன் நடக்க முடியுது அதனால ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்றது. ஏசிஎல் முழுசா அறுந்தவங்களும் ரெண்டு மூணு வாரத்துல நேர்கோட்டுல நல்லாவே நடப்பாங்க, திரும்பும்போதும் படி இறங்கும்போதும்தான் முட்டி வழுக்கிட்டு போற மாதிரி இருக்கும். அடிபட்ட ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள முட்டி பந்து மாதிரி வீங்கிடுச்சுன்னா உள்ள ரத்தம் கசிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், ஜவ்வு அறுந்திருக்கலாம் இல்ல எலும்புல விரிசல் இருக்கலாம். எக்ஸ்ரேல எலும்பு நல்லா இருக்குன்னு சொன்னதும் நிம்மதியா வீட்டுக்கு வந்துடறாங்க, ஆனா எக்ஸ்ரேல ஜவ்வு தெரியாது, ஆர்த்தோ டாக்டர் கையால ஆட்டிப் பார்த்து எம்ஆர்ஐயும் எடுத்தாத்தான் முழு விவரம் தெரியும். இதுல காத்திருக்கவே கூடாத ஒண்ணு இருக்கு, பாதம் சில்லுனு ஆகுது, வெளிறிப் போகுது, மரத்துப் போகுதுன்னா முட்டிக்குப் பின்னாடி போற ரத்தக்குழாய் அடிபட்டிருக்கலாம், அது மணிக்கணக்குல காலையே இழக்க வைக்கற விஷயம், அப்ப ரேஸு ட்ராபி எல்லாம் அப்புறம், நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிதான்.

நம்ம ஊர்ல இன்னொரு பழக்கம், எண்ணெய் போட்டு நீவி விடறது, இறுக்கமா கட்டு போடறது. வீங்கின முட்டியை அழுத்தி நீவினா வீக்கமும் கசிவும் கூடும், உள்ள என்ன உடைஞ்சிருக்குன்னு தெரியாமலே இறுக்கி கட்டினா ரத்த ஓட்டத்துக்கே ஆபத்து. பெரியவங்க அக்கறையில சொல்றாங்கதான், பக்குவமா மறுத்துட்டு முதல்ல ஸ்கேன் பாருங்க.

ஆபரேஷனை அவசரமா போய் பண்ணிக்கறதும் தப்புதான். வீக்கத்தோட, முழுசா நீட்டவே முடியாத முட்டியில ஏசிஎல் ஆபரேஷன் பண்ணா அப்புறம் முட்டி இறுகிப் போற வாய்ப்பு கூடுது, அதனால கிழிஞ்ச மெனிஸ்கஸ் நடுவுல மாட்டி முட்டி பூட்டிக்கிட்ட மாதிரி அவசரக் காரணம் இல்லாதப்ப வீக்கம் வத்தி, முட்டி முழுசா நீண்டு, தொடை கொஞ்சம் வேலை செய்ய ஆரம்பிக்கற வரைக்கும் டாக்டர்களே பிசியோ பண்ண சொல்லுவாங்க. அந்த வாரங்கள் வீண் இல்ல. ஏசிஎல் போன எல்லாருக்கும் ஆபரேஷன் கட்டாயமும் இல்ல, 2010ல ஸ்வீடன்ல இருந்து வந்த ஒரு ஆய்வுல, முதல்ல நல்ல பிசியோ, தேவைப்பட்டா மட்டும் பிறகு ஆபரேஷன்னு போனவங்களும், உடனே ஆபரேஷன் பண்ணவங்களும் ரெண்டு வருஷம் கழிச்சு கிட்டத்தட்ட ஒரே நிலைமையிலதான் இருந்தாங்க. ஆனா கார்னர்ல காலை ஊனி முறுக்கற விளையாட்டுக்கு திரும்பணும்னா கணக்கு வேற, அதை உங்க முட்டியைப் பார்த்த டாக்டர்கிட்டதான் பேசணும்.

இப்ப ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. இங்கதான் நான் அதிகமா பார்க்கற தப்பு, முட்டிக்கு அடியில தலகாணி. வலிக்கு இதமா இருக்கும், அம்மாவோ மனைவியோ பாசமா வெச்சு விடுவாங்க, ஆனா முட்டி லேசா மடங்கின நிலைமையிலயே நாளெல்லாம் கிடந்து அப்படியே பழகிடும், அப்புறம் முழுசா நீட்டவே வராது, கடைசி அஞ்சு டிகிரி நீளாத முட்டியோட நடந்தாலே தொடை சோர்ந்து போயிடும். தலகாணியை எடுத்துட்டு துண்டை சுருட்டி குதிகாலுக்கு அடியில வைங்க, முட்டிக்குப் பின்னாடி காலியா இருக்கணும், காலோட எடையே முட்டியை நேராக்கும். அப்படியே முட்டியோட பின்பக்கத்தை கட்டிலைப் பார்த்து அழுத்துங்க, முட்டிச்சில்லு மேல தொடைப் பக்கம் இழுபடறதை கண்ணால பார்க்கலாம். அது இழுபடலைன்னா தொடை முன்பக்க தசை, குவாட்ஸ்னு ஜிம்ல சொல்றது, அது இன்னும் முழிக்கலைன்னு அர்த்தம். வீங்கின முட்டி இருக்கற வரைக்கும் அந்த தசைக்கு வர்ற கட்டளையை நரம்பு மண்டலமே அடக்கி வெச்சிருக்கும், அதனால நீங்க சோம்பேறி இல்ல, வீக்கம் வத்த வத்தத்தான் அது திரும்ப வேலை செய்யும், அதுவரைக்கும் தினம் பல தடவை இதை பண்ணிக்கிட்டே இருக்கணும். அதே நாட்கள்ல கெண்டைக்கால் வீங்கி இறுகி வலிச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ பிசியோவை கேட்டுக்கிட்டு இருக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு போயிடணும், ரத்தம் கட்டறதும் கிருமித் தொற்றும் விளையாட்டு இல்ல.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு கேள்வியை கட்டாயம் கேளுங்க, மெனிஸ்கஸை வெட்டி எடுத்தீங்களா, தையல் போட்டீங்களான்னு. வெட்டினவங்க சீக்கிரம் நடக்கலாம், தையல் போட்டவங்களை பெரும்பாலும் சில வாரம் ஊன்றுகோலோட வெச்சிருப்பாங்க, ஆழமா குந்தி உட்காரவே கூடாதுன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டு இந்தியன் டாய்லெட், தரையில சம்மணம் போட்டு சாப்பிடறது எல்லாம் அந்த தையலை இழுக்கும். இதை தெரிஞ்சுக்காம, போன வருஷம் ஆபரேஷன் பண்ண ஃப்ரெண்டோட எக்சர்சைஸ் ஷீட்டை வாங்கி அப்படியே பண்றவங்க இருக்காங்க, தயவு செஞ்சு வேண்டாம், அவர் முட்டியில நடந்தது வேற உங்க முட்டியில நடந்தது வேற.

அடுத்தது எல்லாத்தையும் விட பெரிய தப்பு, இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். மூணாவது மாசம். வலி இல்ல, வீக்கம் இல்ல, சைக்கிள் ஓட்டறோம், படி ஏறறோம், பிசியோவுக்கு போறதை நிறுத்திட்டு பைக்கை துடைக்க ஆரம்பிக்கறோம். உள்ள வெச்ச புது ஜவ்வு உங்க தொடை பின்பக்கத்துல இருந்தோ முட்டிச்சில்லுக்கு கீழ இருந்தோ எடுத்த தசைநாண், எடுத்த நிமிஷத்துல இருந்து அதுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, உடம்பு அதுக்குள்ள புதுசா ரத்தக்குழாய் விட்டு பழைய நாரை கரைச்சு புது நாரை கட்டுது. இந்த மாத்திக்கட்டற வேலை நடக்கற ஆரம்ப மாசங்கள்ல அந்த ஜவ்வு, வெச்ச அன்னைக்கு இருந்த பலம் கூட இல்லாம இருக்கும். அதாவது முட்டி நல்லா இருக்குன்னு நமக்கு தோணற காலமும் ஜவ்வு ரொம்ப பலவீனமா இருக்கற காலமும் ஒண்ணு மேல ஒண்ணு வருது. வலி இல்லைங்கறதை வெச்சு ட்ராக்குக்கு போறவங்க திரும்ப ஆபரேஷன் டேபிளுக்கு வர்றது இதனாலதான். 2016ல அமெரிக்காவுல டெலவேரும் நார்வேல ஆஸ்லோவும் சேர்ந்து பண்ண ஆய்வுல, திரும்பறதை ஒன்பது மாசம் வரைக்கும் தள்ளிப் போட்ட ஒவ்வொரு மாசத்துக்கும் மறுபடி முட்டி அடிபடற வாய்ப்பு 51 சதவீதம் குறைஞ்சதுன்னு வந்துச்சு. ஒரு மாச பொறுமைக்கு இவ்வளவு பலன்.

சீக்கிரம் திரும்பி வந்தவங்களும் இருக்காங்களேன்னு உடனே ஆஸ்திரேலிய டர்ட் பைக் ரேசர் ஜெட் லாரன்ஸ் பேரை சொல்லுவாங்க. உண்மைதான், 2025 பிப்ரவரி தொடக்கத்துல அமெரிக்காவுல கிளெண்டேல் சூப்பர்கிராஸ்ல, அதாவது ஸ்டேடியத்துக்குள்ள நடக்கற டர்ட் ரேஸ்ல, ஏசிஎல் போச்சு, மே கடைசியில திறந்தவெளியில நடக்கற அவுட்டோர் சீரிஸ் முதல் ரவுண்டுக்கு வந்துட்டாரு, அந்த வருஷ 450 சிசி பிரிவு பட்டமும் அவருக்குத்தான். ஆனா அந்த மாதிரி ரேசர்களோட நாள் முழுக்க பிசியோ, டாக்டர், ட்ரெயினர்னு ஒரு கூட்டமே இருக்கு, அந்த ரிஸ்க்கை எடுக்கறது அவங்க தொழில். அமெரிக்க ரேசர் ரிக்கி கார்மைக்கேலைப் பாருங்க, முட்டி ஆபரேஷனுக்காக 2004 சூப்பர்கிராஸ் சீசனை முழுசா விட்டாரு, அப்புறம் அதே வருஷம் அவுட்டோர்ல வந்து 24 மோட்டோல, அதாவது 24 ஓட்டத்துல, 24லயும் ஜெயிச்சாரு. ஒரு சீசனை விட்டதால அவர் ஒண்ணும் காணாம போகல. ஆபீஸ் போயிட்டு ஞாயித்துக்கிழமை ரேஸ் ஓட்டற நமக்கு யாரு நேரம் குறிச்சா?

மாசத்தை மட்டும் எண்ணாம பலத்தை அளந்து பாருங்க. அடிபட்ட கால் குவாட்ஸ் மத்த காலோட 90 சதவீதத்துக்காவது வந்துடுச்சான்னு பிசியோகிட்ட மெஷின்ல அளக்க சொல்லுங்க, ஒத்தைக்கால்ல குதிச்சு முட்டி உள்பக்கம் சாயாம இறங்க வருதான்னு வீடியோ எடுத்து பாருங்க. சிகரெட்டை விட்டுடுங்க, அது ஆறறதை மெதுவாக்கும். வலி மாத்திரை போட்டுட்டு பைக் ஏறவே ஏறாதீங்க, முட்டி சொல்ல வர்றது உங்களுக்கு கேக்காம போயிடும்.

முட்டிக்கு காப்பா மாட்டற பழைய நீ-பிரேஸை (knee brace) அப்படியே மாட்டிட்டு போறதும் தப்பு, தொடை இளைச்சிருக்கும், முன்னாடி அளவெடுத்த பிரேஸ் நழுவும், டேப் வெச்சு ரெண்டு தொடையையும் அளந்து திரும்ப ஃபிட் பண்ணுங்க. கிக்கர் வண்டியா இருந்து வலது முட்டியா இருந்தா முதல் சில மாசம் வேற யாராவது கிக் பண்ணட்டும், ரிட்டர்ன் அடிச்சா அந்த அடி நேரா முட்டிக்குத்தான். இடது முட்டின்னா பூட் போட்டு கியர் தூக்கிப் பழகணும், வண்டியை ஸ்டாண்ட்ல நிறுத்தியே பழகலாம். பயத்தால அடிபட்ட பக்கத்து காலை கார்னர்ல நீட்டாமலே ஓட்டறவங்க நிறைய, அந்தப் பக்கம் உடம்பு தப்பா சாய்ஞ்சு திரும்ப விழறாங்க, அதனால காலை நீட்டி மடக்கறதை நிதானமான வேகத்துல, சமமான மண்ணுல, ரெண்டு பக்கமும் திரும்பத் திரும்ப பண்ணுங்க, பள்ளம் விழுந்த கார்னரும் ஜம்ப்பும் கடைசி. ஒவ்வொரு ரைடுக்கும் அடுத்த நாள் காலையில ரெண்டு முட்டியையும் பக்கத்துல வெச்சு பாருங்க, அடிபட்ட முட்டி உப்பியிருந்தா அன்னைக்கு ஓய்வு, வீக்கம் வத்தினதும் முந்தின கட்டத்துல இருந்து திரும்ப ஆரம்பிங்க.